சிவப்பு ஊசி வாய்ப்பக்கம்

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் பழைய ஆஸ்பத்திரியிலிருந்து பவித்ரா போன் செய்தாள். எண்டோஸ்கோப்பி அறையில் என் இடத்துக்கு வந்திருக்கும் நர்ஸ். குரலில் அவசரம்.

"சிஸ்டர், தரச் சான்று குடுக்க வெளியூர்லேர்ந்து ஆளுங்க வந்துருக்காங்க. செவுத்துல உங்க கையெழுத்துல ஒரு அட்ட ஒட்டியிருக்கு பாருங்க, அதுக்கு ஆதாரம் கேக்குறாங்க. எந்த புக்குல இருக்குன்னு எழுதணுமாம்."

அந்த அட்டையில் நான் எழுதியது இரண்டே வரி. 'சிவப்பு ஊசி வாய்ப்பக்கம். சேர்மனே சொன்னாலும் பிடுங்காதே.'

"புக்குல இல்ல பவித்ரா. தேவனாம்பட்டினத்துல இருக்கு" என்றேன். அப்படியெல்லாம் ஃபாரத்தில் எழுத முடியாது என்று வருத்தப்பட்டாள். ஃபாரத்தில் இடம் இல்லாததால் இங்கே எழுதுகிறேன். அவளுக்கும் அவளுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் உபயோகப்படட்டும்.

என் பெயர் ஆரோக்கியமேரி. பெயரிலேயே ஆரோக்கியம் இருக்கிறதே என்று நர்ஸ் வேலையில் சேர்த்துவிட்டார் அப்பா. வேறு தகுதி எதையும் அவர் பார்த்ததாக நினைவில்லை. கணவருக்கு அண்ணாமலை நகரில் வேலை, வீடு சிதம்பரத்தில், எனக்கு வேலை கடலூரில். முப்பத்தொரு வருடம் காலையும் மாலையும் பஸ். முதல் பத்து வருடம் வார்டு வார்டாக உருட்டினார்கள். பிறகு எண்டோஸ்கோப்பி அறைக்குப் போட்டார்கள். வாய் வழியாக வயிறு வரை விட்டுப் பார்க்கும் கேமரா குழாயைக் கழுவுவது, துடைப்பது, தொங்கவிடுவது என்று அங்கேயும் பாதி ஆயுசு போனது. ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். அதில் இருந்தவர்களில் பாதிப் பேர் இன்னும் எனக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புகிறார்கள்.

எங்கள் டாக்டரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஆஸ்பத்திரியில் வெறுமனே 'சார்' என்றால் அவர்தான். மற்ற டாக்டர்களுக்குச் சாருக்கு முன்னால் பெயர் ஒட்ட வேண்டும். சார் பேச மாட்டார், 'ம்' என்பார். அந்த 'ம்'மில் ஐந்து வகை. சின்ன 'ம்' என்றால் சரி. இழுத்த 'ம்' என்றால் நீ சொல்வதை நான் நம்பவில்லை. மூக்கு வழியாக வந்தால், கேட்ட சாமானைச் சீக்கிரம் கொடு. இரண்டு 'ம்' சேர்ந்து வந்தால், நோயாளியின் சொந்தக்காரர்களை வெளியே அனுப்பு. ஐந்தாவதில் சத்தமே இருக்காது, உதடு மட்டும் ஒட்டிக்கொள்ளும். அது வந்தால் குழாயின் உள்ளே எதையோ பார்த்துவிட்டார் என்று அர்த்தம், அறையில் யாரும் அசையக் கூடாது. புதிதாக வரும் பெண்கள் மருந்துப் பெயருக்கு முன்னால் இதைத்தான் மனப்பாடம் செய்வார்கள்.

சார் ஜப்பானுக்கு ஆறு வாரம் போய் ஒரு வித்தை கற்றுக்கொண்டு வந்தார். உணவுக்குழாயில் வரும் புற்றுநோய் ஆரம்பத்தில் உள்தோலோடு நின்றிருக்கும். அந்த நிலையில் கண்ணில் பட்டால், தோலுக்கு அடியில் ஊசி வழியாக மருந்துத் தண்ணீர் ஏற்றிக் கொப்புளம் போலத் தூக்கி, சுற்றிக் கீறி, உரித்து வெளியே எடுத்துவிடலாம். எல்லாம் வாய் வழியாகவே. நெஞ்சைத் திறக்க வேண்டாம், குழாயை வெட்டி எறிய வேண்டாம், இரண்டு மூன்று நாளில் கஞ்சி குடிக்கலாம்.

கை பழகுவதற்கு அவருக்கு ஆட்டின் உணவுக்குழாய் வேண்டியிருந்தது. ஊரே ஈரலும் தலைக்கறியும் கேட்கும் கறிக்கடையில் ஞாயிற்றுக்கிழமை காலை நான் போய்த் தொண்டைக்குழாய் கேட்பேன். கடைக்கார பாய் மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தார். "ஏம்மா, டாக்டரு வூட்டுல இதத்தான் திங்கிறாங்களா, இல்ல எதுனா வைத்தியமா?" என்று கேட்டார். வைத்தியம்தான் என்றேன். அடுத்த வாரம் போனபோது, மூட்டு வலிக்கு நல்லதாமே என்று இரண்டு பேர் வந்து அதை வாங்கிப் போய்விட்டதாகச் சொன்னார்.

வெட்டுவது சாரின் வேலை. வெட்டி எடுத்ததை விரித்துக் குத்துவது என் வேலை. உரித்த தோல் வெளியே வந்ததும் வெயிலில் போட்ட வாழைப்பட்டை மாதிரி சுருண்டுகொள்ளும். அதை ஈரம் காய்வதற்குள் தெர்மகோல் அட்டையில் விரித்து ஓரம் முழுக்கக் குண்டூசி குத்த வேண்டும். இழுத்தால் கிழியும், விட்டால் சுருங்கும். எல்லாம் வெள்ளைத் தலை வைத்த குண்டூசி, ஒன்று மட்டும் சிவப்பு. சிவப்பு குத்தியிருக்கும் முனை நோயாளியின் வாய்ப்பக்கம், எதிர்முனை வயிற்றுப்பக்கம். அட்டையோடு, கெடாமல் காக்கும் ஃபார்மலினில் போட்டு லேபுக்கு அனுப்பினால், எந்த ஓரத்தில் நோய் மிச்சம் இருக்கிறது என்று அவர்கள் அந்த ஊசியை வைத்துத்தான் சொல்வார்கள். "வெட்றது பாதி, குத்துறது பாதி" என்றார் சார். எனக்குத் தெரிந்து அந்த வருடம் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

ஆடு ஆயிற்று. மனுஷர் யாரும் கிடைக்கவில்லை. ஆரம்பப் புற்றுக்கு வலி கிடையாது, விக்கல் கிடையாது, ஒன்றும் கிடையாது. ஒன்றுமே இல்லாதவர் எதற்கு ஆஸ்பத்திரிக்கு வருவார்? சோறு இறங்காமல் தண்ணீரும் இறங்காமல் போன பிறகுதான் நம் ஊரில் டாக்டர் நினைவு வரும். சார் ஒரு வருடம் காத்திருந்தார்.

அஞ்சலை வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை. தேவனாம்பட்டினத்துக்காரி, கடலூர் மார்க்கெட்டில் மீன் விற்பவள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வந்தாள், கூடத் தம்பி வேலு. என்ன உடம்புக்கு என்று கேட்டேன்.

"முள்ளு சிஸ்டர். வாள மீனு முள்ளு" என்றான் வேலு.

அவள் அவன் தொடையில் கிள்ளினாள். பிறகு என்னைப் பக்கத்தில் இழுத்து மெல்லிய குரலில் சொன்னாள். "நாப்பது வருசமா மீனு விக்கிறேன். ஊருக்கெல்லாம் முள்ளு பாத்து தின்னுன்னு சொல்றவ. எனக்கே மாட்டிகிச்சுன்னு தெரிஞ்சா மார்க்கெட்டுல ஒருத்தி சும்மா இருப்பாளா? வெளிய சொல்லிடாத சிஸ்டரு."

முள்ளை எடுக்க ஐந்து நிமிடம் ஆகவில்லை. குழாயை வெளியே இழுத்திருக்கலாம். சார் இழுக்காமல் இன்னும் உள்ளே போய்ப் பார்த்தார். நெஞ்சுக்கு நடுவில் ஓர் இடத்தில் நின்றார். ஐந்தாவது 'ம்' வந்தது.

அயோடின் தெளிக்கச் சொல்லிக் கை நீட்டினார். அயோடின் பட்டால் நல்ல தோல் காப்பித்தூள் நிறத்துக்கு மாறும். கெட்ட தோலில் நிறம் ஏறாது. அஞ்சலையின் குழாய் முழுக்கக் காப்பி நிறமாக, இரண்டு கட்டைவிரல் அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் வெளுத்து நின்றது. அங்கிருந்து துணுக்கு எடுத்து லேபுக்கு அனுப்பினோம். புற்றுநோய், ஆரம்ப நிலை என்று வந்தது.

வேலு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அக்காவிடம் புண் என்று மட்டும் சொல்லச் சொன்னான். நான் சாரிடம் போய் அதைச் சொன்னேன். இரண்டு 'ம்' வந்தது. வேலுவை வெளியே அனுப்பினேன்.

"புத்துநோய். ஆரம்பம். எடுத்துடலாம்" என்றார் சார், அஞ்சலையிடம்.

"முள்ளு குத்துனதால வந்துதா சார்?"

"இல்ல."

"அப்ப மார்க்கெட்டுல கேன்சருன்னே சொல்லிக்கிறேன். முள்ளு சமாச்சாரம் மட்டும் வெளிய வராம பாத்துக்கங்க."

அதற்கப்புறம்தான் உறவுமுறை திரண்டது. மங்கலம்பேட்டையிலிருந்து வேலுவின் மச்சான் ஒருவர் வந்தார். எல்லா விஷயத்திலும் அனுபவம் உள்ளவர்.

"ஒடம்புல கத்தியே வெக்கலன்னா அது என்னா ஆபரேசன் வேலு? எங்க ஊருல ஒருத்தருக்கு இதே நோயி. மெட்ராஸுல வெச்சி நெஞ்சுலேர்ந்து தொப்புளு வரிக்கும் தையலு. அது வைத்தியம்."

"அவரு இப்ப எப்பிடி இருக்காரு மச்சான்?"

"செத்துட்டாரு. ஆனா நல்லா செஞ்சாங்க."

வேலு மலைத்துப் போய் என்னைப் பார்த்தான். பெரிய ஆபரேஷன் என்றால் என்ன என்று அஞ்சலைதான் கேட்டாள். நான் ஒளிக்காமல் சொன்னேன். உணவுக்குழாயை எடுத்துவிட்டு வயிற்றை மேலே இழுத்துத் தைப்பார்கள். உயிர் பிழைக்கலாம். ஆனால் ஒரு பிடி, ஒரு பிடியாக நாள் முழுக்கச் சாப்பிட வேண்டியிருக்கும்.

"ஒரு சட்டி சோறு தின்னாத்தான் நா கூடைய தூக்க முடியும். கூடைய தூக்குனாத்தான் நா அஞ்சல. தையலு இல்லன்னா பரவால்ல, இவரே எடுக்கட்டும்" என்றாள் அவள். மச்சான் அன்று மாலையே ஊருக்குப் போய்விட்டார்.

இந்த வித்தை எங்கள் ஆஸ்பத்திரியில் அதுதான் முதல் தடவை என்பது எப்படியோ சேர்மன் காதுக்குப் போய்விட்டது. சேர்மன் என்றால் ஆஸ்பத்திரிக்கு முதல் போட்டவர். அதற்கு முன்னால் அரிசி ஆலை வைத்திருந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் எது நடந்தாலும் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும். அன்றைக்கும் ஏற்றினார். வந்த விருந்தாளிகள் பார்ப்பதற்காக, ஆபரேஷனைப் பதிவு செய்யும் பெட்டியின் வயரைப் பிடுங்கி வரவேற்பறை டி.வி.யில் செருகிவிட்டார்கள். உள்ளே நடந்தது எல்லாம் வெளியே தெரிந்தது, ஒன்றும் பதிவாகவில்லை. ஒரு விருந்தாளி பாதி டீயிலேயே டம்ளரைக் கீழே வைத்துவிட்டாராம்.

உள்ளே எங்களுக்கு அது எதுவும் தெரியாது. அஞ்சலை மயக்கத்தில் இருந்தாள். சார் முதலில் வெளுத்த இடத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகச் சுட்டு அடையாளம் வைத்தார். நான் நீலச் சாயம் கலந்த மருந்துத் தண்ணீரை ஊசியில் ஏற்றிக் கொடுத்தேன். தோல் மெதுவாக எழும்பியது. புள்ளிகளுக்கு வெளியே கீறினார், அடியில் நுழைந்து இழை இழையாக அறுத்தார். இரத்தம் கசிந்தால் நிறுத்திச் சுடுவார், மறுபடி போவார். அங்கே குழாயின் சுவர் அப்பளம் கனம்தான் இருக்கும், ஓட்டை விழுந்தால் நேரே நெஞ்சுக்கூடு. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. எனக்குக் கால் மரத்துவிட்டது. சார் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

கடைசியில் முழுசாக ஒரே துண்டாக வந்தது. பூவரச இலை வடிவம், ஒரு முனை குறுகல், ஒரு முனை அகலம். குறுகல் முனையை இடுக்கியால் தொட்டுக் காட்டி, "சிவப்பு இங்க. இதுதான் மேல" என்று கொடுத்துவிட்டு அஞ்சலையின் தலைமாட்டுக்குப் போனார். நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து குத்தினேன். பதினெட்டு வெள்ளை, குறுகல் முனையில் ஒரு சிவப்பு. ஓர் ஓரமும் கிழியவில்லை. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சேர்மன் போட்டோக்காரரோடு உள்ளே வந்தார். அட்டையைக் கையில் வாங்கி நெஞ்சுக்கு நேரே பிடித்தார். ஒரு படம் எடுத்தார்கள். பிறகு குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, நம்ப ஆஸ்பத்திரி பேரு தலகீழா இருக்கே."

தெர்மகோலின் ஓரத்தில் ஆஸ்பத்திரி ஸ்டிக்கர் இருந்ததை நான் கவனித்திருக்கவில்லை. அட்டையை வாங்கி, பெயர் நேராக வரும்படி மேல் கீழாகத் திருப்பிக் கையில் கொடுத்தேன்.

"அந்த செவப்பு ஊசி ரத்தம் மாதிரி தெரியுது. பாக்குறவங்க பயப்படுவாங்க. எடுத்துட்டு வெள்ள குத்தும்மா."

எடுத்துவிட்டு வெள்ளையைக் குத்தினேன். எதற்காக எடுத்தேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். இத்தனை வருட வேலையில் மேலே இருப்பவர் சொன்னால் கை தானாகப் போகும், அவ்வளவுதான். இன்னும் இரண்டு படம் எடுத்துக்கொண்டு போனார்கள். நான் மேலே இருந்த வெள்ளை ஊசியைப் பிடுங்கிவிட்டு, அங்கே சிவப்பை மறுபடி குத்தி, அட்டையை ஃபார்மலினில் போட்டேன். மேலே என்றால், அப்போது எனக்கு மேலே இருந்த முனையில். அட்டையைத் திருப்பியிருந்தது மறந்தே போயிற்று.

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. ஆழத்தில் நோய் இறங்கவில்லை. வாய்ப்பக்க விளிம்பு சுத்தம். வயிற்றுப்பக்க விளிம்பில் நோய் மிச்சம். புண் ஆறியதும் கீழ் ஓரத்தை மறுபடி சுட்டுவிடலாம் என்று சார் தேதி குறித்தார். கூடவே லேபிலிருந்து துண்டின் படமும் வந்திருந்தது. அகலமான முனையில் சிவப்பு ஊசி. பார்த்தேன், ஃபைலில் வைத்தேன், ஒன்றும் தோன்றவில்லை.

சேர்மனின் சாதனை ஃபிளெக்ஸ் பேனர்களாகி ஊர் ஊராகப் போயிருந்தது. கடலூர்க்காரர்களுக்குத்தான் எங்கள் ஆஸ்பத்திரி தெரியுமே என்று சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பெரிசாக ஒன்று கட்டியிருந்தார்கள். அன்று மாலை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கண் அதில் பட்டது. சேர்மன் சிரிக்கிறார். கையில் அட்டை. அட்டையில் அஞ்சலையின் தோல், ஒரு முறம் அளவுக்கு. எலுமிச்சம்பழம் பெரிசில் சிவப்பு ஊசி. அது குறுகல் முனையில் இருந்தது.

லேப் படத்தில் அது அகலமான முனையில் அல்லவா இருந்தது. மற்ற இரண்டு படத்திலும் சேர்மன் கண்ணை மூடியிருந்தாராம், அதனால் முதல் படத்தைப் போட்டிருக்கிறார்கள். தலைகீழாக இருந்த ஆஸ்பத்திரிப் பெயரை மறைக்க அதன் மேல் தங்க நட்சத்திரம் ஒன்று ஒட்டியிருந்தது. ஊசியை மறைக்க யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் சார் வருவதற்கு முன்னால் போய் அறை வாசலில் நின்றேன். நடந்தது முழுவதையும் சொன்னேன். லேப் சொல்லும் கீழ் ஓரம் உண்மையில் மேல் ஓரம் என்றேன்.

இழுத்த 'ம்' வந்தது.

"சத்தியமா சார். குறுகல் முனைதான் மேல. நீங்கதான் தொட்டு காட்டுனீங்க."

"எனக்கு ஞாபகம் இல்ல சிஸ்டர்" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "தப்பான பக்கம் சுட்டா நோய் உள்ளயே இருக்கும். ரெண்டு பக்கமும் சுட்டா குழாய் சுருங்கிடும், சோறு எறங்காது. எது மேலன்னு நான் கண்ணால பாக்கணும்."

பதிவுப் பெட்டியில் ஒன்றும் இல்லை, அதன் வயர் அன்றைக்கு டி.வி.யில் இருந்தது. போட்டோக்காரருக்குப் போன் செய்தேன், அந்தக் கார்டில் இரண்டு கல்யாணம் எடுத்துவிட்டதாகச் சொன்னார். ஃபிளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் இருந்த பழைய படங்களை எல்லாம் அழித்துவிட்டிருந்தார்கள். பேப்பரில் வந்த படத்தில் சேர்மனின் தலை மட்டும். மற்ற ஊர் பேனர்களைச் சேர்மனின் பழைய அரிசி ஆலைக்காரர்கள் கழற்றி, துண்டு துண்டாக வெட்டி நெல் மூட்டைக்குப் போர்த்திவிட்டார்கள். பாக்கி சிதம்பரம்தான். சார் ஓ.பி.யைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காரை எடுத்தார்.

பஸ் ஸ்டாண்டில் எங்கள் பேனரைக் காணவில்லை. அதன் மேலேயே வேறொன்று கட்டியிருந்தது. மஞ்சள் நீராட்டு விழா. பாவாடை தாவணியில் ஒரு பெண், சுற்றிலும் சொந்தக்காரர்களின் முகம், நடுவில் கறுப்புக் கண்ணாடியோடு தாய்மாமன். அதே தாய்மாமன் அதே கண்ணாடியோடு கீழே நின்று கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார்.

நான் பேசலாம் என்று வாயெடுப்பதற்குள் சாரே போய்விட்டார். ஜனங்களிடம் பேசிப் பழக்கமில்லாதவர். "இத கொஞ்சம் எறக்கணும்" என்றார்.

தாய்மாமன் கண்ணாடியைக் கழற்றினார். "முனிசிபாலிட்டியா சார்?"

"இல்ல. டாக்டர்."

"எங்க அக்கா பொண்ணு சடங்கு சார். நாயித்துக்கிழம விசேசம். இப்பதான் கட்டி முடிக்கிறேன், எறக்க சொன்னா எப்பிடி?"

"எறக்க வேணாம். ஒரு ஓரம் தூக்கினா போதும். இதுக்குப் பின்னாடி ஒரு அம்மாவோட தொண்டை இருக்கு."

தாய்மாமன் என்னைப் பார்த்தார். டாக்டருக்கு எதுவும் கோளாறா என்று கேட்பது போல இருந்தது அந்தப் பார்வை. நான் முழுதும் சொன்னேன். மீன்காரி, புற்றுநோய், ஊசி, நான் செய்த தப்பு. முள்ளை மட்டும் சொல்லவில்லை, வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் கேட்டுவிட்டு, கட்டி முடித்த கயிற்றைத் தானே அவிழ்த்தார். பழக்கடையிலிருந்து ஏணி வாங்கி வந்து சாத்தினார். "நா புடிச்சிக்கிறேன் சார். நீங்க பாத்து ஏறுங்க."

சார் ஏறினார். கூட்டம் கூடிவிட்டது. பேனர் சோதனைக்கு அதிகாரி வந்திருக்கிறார் என்று எவரோ சொல்ல, எதிரே டீக்கடைக்காரர் தன் கடை பேனரை அவசரமாகச் சுருட்டி உள்ளே எடுத்துப் போனார். சார் சடங்குப் பெண்ணின் படத்தை ஒரு கையால் விலக்கிக்கொண்டு, அதன் அடியில் அஞ்சலையின் தோலை ஓரம் ஓரமாகப் பார்த்தார். லேப் படத்தைப் பையிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஐந்தாவது 'ம்' வந்திருக்க வேண்டும், கீழேயிருந்து எனக்குத் தெரியவில்லை. இறங்கி வந்து, "நீங்க சொன்னது சரி" என்றார். தாய்மாமனுக்குக் கும்பிடு போட்டார்.

திரும்பும்போது புதுச்சத்திரம் தாண்டியதும் சார் கேட்டார். "ஊசிய ஏன் எடுத்தீங்க?"

"சேர்மன் சொன்னாரு சார்."

"நான் என்ன சொன்னேன்?"

"சிவப்பு மேலன்னீங்க."

அவர் கியரை மாற்றினார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி ஆலப்பாக்கம் வரும்வரை அழுதேன்.

ஆறு வாரம் கழித்து அஞ்சலைக்கு இரண்டாவது தடவை செய்தார். இம்முறை மேல் ஓரம். அங்கே எடுத்த துணுக்கில் நோய் இருந்தது, கீழ் ஓரத்துத் துணுக்கு சுத்தம். மூன்றாம் மாதம் பார்த்தோம், ஆறாம் மாதம் பார்த்தோம். குழாய் முழுக்கக் காப்பி நிறம், வெளுப்பே இல்லை. அவள் மறுபடி கூடை தூக்கினாள்.

சார் நடந்ததை ஃபைலில் தன் கையால் எழுதினார், நோயாளிக்கும் சொல்ல வேண்டும் என்றார். அதற்காக நிர்வாகம் மீட்டிங் போட்டது. எல்லாம் நல்லபடி முடிந்த பிறகு அந்த அம்மாவை எதற்குக் கலவரப்படுத்த வேண்டும் என்று சேர்மன் உருக்கமாகப் பேசினார். யாரும் எதுவும் சொல்லக் கூடாது என்று முடிவாயிற்று. வரவேற்பறைக்குத் தனி வயர் வாங்குவது என்றும் முடிவாயிற்று. குழப்பத்துக்குக் காரணமே சிவப்பு ஊசிதான் என்பதால் இனி அதை வாங்கவே கூடாது என்று மூன்றாவது முடிவு. சார் இழுத்த 'ம்' ஒன்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அடுத்த மாதம் அவர் கோயம்புத்தூர் பக்கம் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். நான் சிவப்பு ஊசியைத் தையல் கடையில் சொந்தமாக வாங்கி வைத்துக்கொண்டு, அந்த அட்டையை எழுதிச் சுவரில் ஒட்டினேன்.

ஓய்வு பெறும் நாளில் எனக்கும் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். 'முப்பத்தொரு ஆண்டுகள், ஒரு பிழையும் இல்லாத சேவை.' சேர்மன் பொன்னாடை போர்த்தினார். படத்தில் அவர் கண் திறந்திருந்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. மாலையைப் பையில் திணித்துக்கொண்டு நேரே மார்க்கெட்டுக்குப் போனேன்.

அவளுக்கு உடம்பு சரியான பிறகு நாலு வருடமாக அஞ்சலையிடம்தான் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். கேட்காமலே செதில் சுரண்டி, தலையெடுத்து, துண்டு போட்டுத் தருவாள். அன்றும் நாலு சங்கராவை எடுத்து அரிவாள்மணையில் வைத்தாள். நான் எதிரே குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் கை நின்றது. "அப்ப அந்த பேனரு இல்லன்னா?"

"தப்பான எடத்த சுட்டுருப்போம்க்கா. நோயி உள்ளயே இருந்து வளந்துருக்கும்."

"எத்தினி வருசமா என்கிட்ட மீனு வாங்குற?"

"நாலு வருசம்."

"நாலு வருசமா சொல்லல."

"சொல்லக் கூடாதுன்னாங்க."

"யாரு, அந்த சேர்மனா?"

தலையாட்டினேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். சத்தம் போடவில்லை. "அவரு சொன்னாருன்னு ஊசிய புடுங்குன. அவரு சொன்னாருன்னு வாய மூடிகின."

அஞ்சலை மணையிலிருந்த மீனை எடுத்து, செதில்கூடச் சுரண்டாமல் நாலையும் அப்படியே என் பையில் போட்டாள்.

"வெட்டித் தரலியாக்கா?"

"நீயே வெட்டிக்க. தல எது வாலு எதுன்னு பாத்து வெட்டு."

சிதம்பரத்தில் மீன் கிடைக்காமல் இல்லை. இருந்தாலும் வாரம் ஒரு நாள் பஸ் ஏறிப் போய் அவளிடம்தான் வாங்குகிறேன். நலம் விசாரிப்பாள், சிரிப்பாள், எடையில் ஒரு மீன் ஜாஸ்தியே போடுவாள். பக்கத்தில் நிற்கிற எல்லோருக்கும் வெட்டிக் கொடுப்பாள். எனக்கு மட்டும் இன்றைக்கும் முழு மீன்தான்.